ஸ்கேட்டிங் போகும் பிள்ளைகளுக்கு அடிபடுவதைக் குறைக்க என்ன வழி? இன்லைன் பெற்றோர்கள், கோச்சுகள் சொல்லுங்கள்

அண்ணாநகர் அப்பா

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. குவாடில் (முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வீல்) ஆரம்பித்து இப்போதுதான் ஸ்பீட் இன்லைனுக்கு (வீல்கள் ஒரே வரிசையில்) மாறியிருக்கிறாள். போன வாரம் ரிங்க்கில் ஒரு மோதல். பெரிய பையன்கள் ஒருவர் பின்னால் ஒருவராக வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குறுக்கே போய்விட்டான். முதலில் வந்த பையன் விலகிவிட்டான், அடுத்தவனால் முடியவில்லை. பொடியனுக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. பின்னால் வந்த என் மகள் தடுக்கி விழுந்தாள், முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று.

ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட் தங்கம் ஜெயித்தாரே, அதற்குப் பிறகு எங்கள் ரிங்க்கில் அட்மிஷன் குவிகிறது. சந்தோஷம்தான். ஆனால் ரிங்க் அதே அளவு, நேரமும் அதே மாலை ஒன்றரை மணி நேரம்.

என் கேள்வி இதுதான். எந்தப் பேட் (முழங்கால், முழங்கைக் காப்பு) வாங்குவது, எவ்வளவு செலவழிக்கலாம்? இன்லைனுக்கு வந்துவிட்டால் மணிக்கட்டுக் கவசம் தேவையில்லை, கை வீச்சு கெடும் என்கிறார் கோச். அவர் சொல்வது சரியா?

திருச்சி தேவி

சார், என் ரெண்டு பசங்களும் ஓட்டுறாங்க, அதனால் அனுபவத்தில் சொல்றேன். பேட் பிராண்டைவிட அளவு முக்கியம். முழங்கால் பேட் முதல் தடவை விழும்போதே கணுக்காலுக்கு இறங்கிவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். கடையில் நின்றபடி போட்டுப் பார்க்காமல், குழந்தையை மண்டி போட்டு எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

பெண் குழந்தை என்பதால் இன்னொன்று. உச்சிக் கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டினால் ஹெல்மெட் பின்பக்கம் ஏறி நெற்றி முழுக்கத் திறந்துவிடும். எங்கள் ரிங்க்கில் பாதிப் பெண் பிள்ளைகள் அப்படித்தான் வருகிறார்கள். தாழ்வாக ஒற்றைப் பின்னல் போடுங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் தெரியணும், தாடைப் பட்டைக்கு அடியில் ஒரு விரல்தான் நுழையணும். ஜிமிக்கி, வளையல் எல்லாம் வீட்டிலேயே.

அப்புறம் ஷூ. "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா வாங்கிடலாம்" என்று நம்ம ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஸ்கூல் ஷூவுக்குச் சரி. ஸ்கேட் பூட்டில் கால் உள்ளே ஆடினால் கணுக்கால் உள்பக்கமாக மடங்கும், திருப்பத்தில் பிடி இருக்காது. நல்ல நிலையில் இருக்கும் பழைய பூட் சரியான அளவில் கிடைத்தால், பெரிய சைஸ் புதுசைவிட அதுதான் மேல்.

மதுரை எலும்பு மருத்துவர்

மணிக்கட்டுக் கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன்.

1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. இன்லைன் ஸ்கேட்டிங்கில் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மணிக்கட்டுக் கவசம் போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு சுமார் பத்து மடங்கு. முழங்கைப் பேட் போடாதவர்களுக்கு முழங்கையில் ஒன்பது மடங்குக்கு மேல். அவர்கள் பொழுதுபோக்காக ஓட்டியவர்கள், பந்தய வீரர்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்பது வயதுக் குழந்தை அன்றாடப் பயிற்சியில் எப்படி விழுகிறது? கையை நீட்டித்தான். பந்தயத்தன்று கழற்றலாம், பயிற்சியில் கழற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. கை வீச்சு கெடுமளவுக்கு அவள் இன்னும் ஸ்பிரிண்ட் ஓடவில்லை.

குழந்தைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநார் சுளுக்கும் இடத்தில், பிள்ளைகளுக்கு இந்தத் தட்டு விட்டுக்கொடுத்துவிடும். வீக்கம் கொஞ்சமாகவும் வலி எலும்பின் மேலேயும் இருந்தால் "சுளுக்குதான்" என்று எண்ணெய் தேய்க்க வேண்டாம். புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு மூன்று வாரம் கழித்து என்னிடம் வருகிறவர்களும் உண்டு. அந்தக் கைவைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, எக்ஸ்ரே இல்லாமல் கட்டுவதில்தான் பயம். வளர்ச்சித் தட்டு விலகி அப்படியே கூடினால் கை கோணலாக வளர வாய்ப்பு உண்டு. கட்டு எதுவாக இருந்தாலும் விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால், விரலை நீட்டும்போது வலி உயிர் போனால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சும்மா ஒருத்தன்

எல்லோரும் பயப்படும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நாங்கள் எல்லாம் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு விழாததா? விழுந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். பிள்ளைகளைப் பஞ்சில் சுற்றி வைத்தால் பதக்கம் எங்கிருந்து வரும்?

பழைய ஸ்கேட்டர்

சும்மா ஒருத்தன் அண்ணா, குரங்குப் பெடல் வேகம் என்ன? பதினான்கு வயதுப் பையன் இன்லைனில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் சாதாரணமாகப் போவான். அந்த வேகத்தில் வந்து ஆறு வயதுக் குழந்தையை இடிப்பதில் யார் என்ன கற்றுக்கொள்வது?

நான் மாநில அளவில் பல வருடம் ஓட்டியவள். அண்ணாநகர் சார், நீங்கள் பேட் பற்றிக் கேட்கிறீர்கள். உங்கள் ரிங்க்கில் நடந்தது பேட் பிரச்சினையே இல்லை. வேகமாக ஓட்டுகிறவர்களும் நடக்கப் பழகுகிறவர்களும் ஒரே தரையில், ஒரே நேரத்தில். தண்ணீர் பாட்டில் ஓடுபாதையைத் தாண்டி வைக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டையும் சரிசெய்தால் அன்று யாருக்கும் மாவுக்கட்டு இல்லை. நான் பார்த்த பெரிய அடிகளில் தானாக விழுந்தவை குறைவு, இன்னொருவர் மேல் மோதியவையும் கம்பியில் மோதியவையும்தான் அதிகம்.

நாங்கள் பழகிய இடத்தில் ஒரு மாஸ்டர் இருந்தார். அவர் ரிங்க்குக்குள் நுழையும் வாசல் ஒன்றே ஒன்றுதான். நுழைய வேண்டுமானால் வாசலில் நின்று இடதுபக்கம் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும், அவர் தலையாட்டினால்தான் உள்ளே. விழுந்தவர் உடனே விரல்களை மடக்கி முஷ்டி பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிற வீல் விரல் மேல் ஏறாமல் இருக்க. முந்துகிறவர் "வெளியே" அல்லது "உள்ளே" என்று கத்த வேண்டும். கத்தாமல் முந்தினால் அன்று முழுக்க உட்கார வேண்டியதுதான், மாநில சாம்பியனாக இருந்தாலும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

கோவை மாஸ்டர்

தங்கச்சி சொல்வது எல்லாம் சரி. ஆனால் கோச் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ரிங்க் மாநகராட்சியுடையது, எனக்குக் கிடைப்பது மாலை ஒன்றரை மணி நேரம். ஐம்பது பிள்ளைகள். மூன்று குரூப்பாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம். "மாசம் ஃபீஸ் வாங்கிட்டு அரை மணி நேரம்தான் ஓட விடறீங்களா" என்று முதலில் சண்டைக்கு வருவது பெற்றோர்தான். மணிக்கட்டுக் கவசம் வேண்டாம் என்று நானும் சொல்வதுண்டு. கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கையை ஊன்றுகிறார்கள், தாழ உட்கார்ந்து பக்கவாட்டில் சறுக்கி விழப் பழகுவதே இல்லை.

விழுவதைச் சொல்லித்தர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் மாதம் முழுக்க வாரம் ஒரு நாள் நான் அதைத்தான் செய்கிறேன். முழங்காலை மடக்கி இடுப்பைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவா, பிறகு தொடையின் பக்கவாட்டில் சாய். பின்னால் விழப் போகிறாய் என்றால் தாடையை நெஞ்சோடு ஒட்டு. முதலில் புல்தரையில், பிறகு ரிங்க்கில் நின்ற இடத்தில், பிறகு மெதுவான ஓட்டத்தில். இதை வேடிக்கை பார்க்கும் அப்பாக்கள் "எப்ப சார் ஓட விடுவீங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

விழுந்ததும் உடனே எழுப்பி இரண்டு ரவுண்டு ஓட விடுவேன். அப்போதுதான் பயம் தங்காது.

மதுரை எலும்பு மருத்துவர்

மாஸ்டர், கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. முழங்கால் சிராய்ப்பு என்றால் ஓட விடுங்கள். தலையில் அடி, அல்லது தலை பலமாக உலுக்கப்பட்டது என்று சந்தேகம் வந்தாலே அன்று அந்தப் பிள்ளை திரும்ப ரிங்க்கில் இறங்கக் கூடாது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மூளை அதிர்ச்சி நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. முதல் ஒன்றிரண்டு நாள் இலேசான நடமாட்டத்தோடு ஓய்வு, பிறகு படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. முதலில் பள்ளிக்கூடம் முழுதாகப் போகட்டும், அதற்கப்புறம்தான் போட்டிப் பயிற்சி.

நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று நம்மூரில் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நினைவு தப்புவதே இல்லை. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, வெளிச்சம் கூசுவது, எந்தக் குரூப்பில் ஓடினோம் என்று தடுமாறுவது, காரணமில்லாமல் அழுவது, இவைதான் வரும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் நேரே அவசரப் பிரிவு. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுசாக நிறுத்தாது. பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

கோவை மாஸ்டர்

சரி டாக்டர், தலை அடிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை யார் முடிவு செய்வது? போட்டி மைதானத்தில் நான் உட்காரச் சொன்னால் அப்பா வந்து "அவனுக்கு ஒண்ணும் இல்ல சார், ஃபைனல் இருக்கு" என்பார். நம்பர் கட்டிப் பந்தயத்தில் இறக்க மாட்டேன் என்று நின்றதற்கு ஒருவர் பையனையே வேறு கிளப்புக்கு மாற்றிவிட்டார்.

பழைய ஸ்கேட்டர்

அதனால்தான் சேரும் அன்றே எழுதி வாங்க வேண்டும் மாஸ்டர். தலையில் அடிபட்டால் கோச் முடிவே இறுதி, டாக்டர் சீட்டு இல்லாமல் திரும்ப இறங்க முடியாது என்று அட்மிஷன் பாரத்திலேயே ஒரு வரி. சண்டை போட்டியன்று வராது.

கால்கரி கார்த்திக்

நான் கனடாவில் இருக்கிறேன், என் மகன் ஐஸில் ஷார்ட் டிராக் (சின்னச் சுற்றில் பலர் சேர்ந்து ஓடும் வேகப் பந்தயம்) ஓட்டுகிறான். விளையாட்டு வேறு, ஆனால் இங்கே பாதுகாப்பை எப்படி யோசிக்கிறார்கள் என்று சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

ஷார்ட் டிராக் 60க்கு 30 மீட்டர் ஐஸ் ரிங்க்கில், 111.12 மீட்டர் சுற்று. திருப்பம் ரொம்பக் கூர்மை, விழுகிறவர்கள் நேராகச் சுவரை நோக்கித்தான் போவார்கள். விழாமல் இருக்கச் சொல்லிப் பயனில்லை, விழுவார்கள் என்றே வைத்துக்கொண்டு சுவரை மாற்றினார்கள். திருப்பங்களில் தடித்த மெத்தை. பெரிய அரங்குகளில் பின்னால் மரப் பலகையே கிடையாது, மெத்தை மட்டும் தனியாக நிற்கும். மோதினால் மெத்தையே ஆளோடு சேர்ந்து பின்னால் நகரும்.

இன்னொரு ஆபத்து பிளேடு. அமெரிக்காவின் ஜே.ஆர். செல்ஸ்கிக்கு 2009இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் விழும்போது தன் வலது காலின் பிளேடே இடது தொடையில் எலும்பு வரை வெட்டிவிட்டது. (அடுத்த பிப்ரவரியில் வான்கூவரில் இரண்டு வெண்கலம் வாங்கினார், அது வேறு கதை.) இப்போது வெட்டுத் தாங்கும் உடை, கழுத்துக் காப்பு, கையுறை, முழங்கால், கணைக்கால் காப்பு எல்லாம் கட்டாயம். பிளேடின் இரண்டு நுனியையும் உருட்டியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கிளப் பயிற்சியிலும் கழுத்துக் காப்பு இல்லாமல் ஐஸில் இறங்க விட மாட்டார்கள். வாசலில் ஒருவர் நின்று பார்ப்பார், பெரும்பாலும் ஏதாவது ஒரு குழந்தையின் அம்மா அல்லது அப்பாதான்.

விழுவதும் இங்கே பாடம்தான். சறுக்கிப் போகும்போது கால்களைத் தூக்கிக்கொள், பிளேடு ஐஸில் மாட்டினால் கால் முறுக்கிவிடும். உடம்பைத் திருப்பி, முதுகோ இடுப்போ மெத்தையில் படும்படி போ, தலையோ காலோ முதலில் போகக் கூடாது.

உங்கள் ரிங்க்கில் கம்பி வேலிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

அண்ணாநகர் அப்பா

இரும்புக் குழாய் கைப்பிடி, கார்த்திக். இடுப்பு உயரத்துக்கு. தூண்களில் மட்டும் பழைய லாரி டயர் கட்டியிருக்கிறார்கள்.

பழைய ஸ்கேட்டர்

டயர் வேண்டாம் சார். ரப்பர் ஆளைச் சறுக்க விடாது, தோள் பட்ட இடத்தில் பிடித்து நிறுத்தி உடம்பைச் சுழற்றிவிடும். அடிக்குழாய்க்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். சின்னப் பிள்ளையின் கால் அதற்குள் நுழைந்தால் முட்டி போய்விடும். எங்கள் கிளப்பில் பள்ளிக்கூடத்து உயரம் தாண்டும் மெத்தைகளைப் போட்டிக்கு முன்னால் கேட்டு வாங்கி இரண்டு திருப்பத்திலும் நிறுத்துவோம். ரெக்சின் உறை போட்ட மெத்தை, தரையைத் தொட்டு நிற்க வேண்டும், இரண்டு மெத்தைக்கு நடுவில் சந்து இருக்கக் கூடாது. நேர்ப் பாதைக்கு அவ்வளவு அவசியம் இல்லை, திருப்பம் முடியும் இடம்தான் ஆள் பறக்கும் இடம்.

திருச்சி தேவி

தரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் ரிங்க் பெயின்ட் அடித்த சிமென்ட் தரை. மார்கழியில் காலை ஐந்தரைக்குப் பனி படிந்து கண்ணாடி போல இருக்கும். மழைக்குப் பிறகு மேலே காய்ந்திருக்கும், திருப்பத்தில் மட்டும் ஈரம். இப்போது பெற்றோர் ரெண்டு பேர் முறை வைத்துப் பத்து நிமிடம் முன்னால் வந்து கூட்டித் துடைக்கிறோம். வேப்பம்பழம் விழும் மாதத்தில் அதுவே பெரிய வேலை. வீலுக்கு அடியில் ஒரு கொட்டை போதும்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. ஆலன் கீ எடுத்து ஒவ்வொரு வீல் போல்ட்டையும் ஃபிரேம் போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பது. சின்னவனின் முன் வீல் போல்ட் ஒருமுறை பாதி கழன்று இருந்தது, கையால் திருகினாலே வந்தது. வீலைச் சுற்றிவிட்டால் உறுமல் சத்தம் கேட்டால் பேரிங் மாற்றணும். உள்பக்கம் தேய்ந்த வீலை இடம் மாற்றிப் போடணும். பையன் இப்போது தானே செய்கிறான்.

கோவை மாஸ்டர்

தேவி மேடம் சொன்னதோடு வீல் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனந்த்குமாரைப் பார்த்துவிட்டு எட்டு வயதுப் பிள்ளைக்கு 110 மில்லிமீட்டர் வீல் கேட்கிறார்கள். வீல் பெரிதானால் கால் தரையிலிருந்து உயரும், நிறுத்துவது கஷ்டம், வேகம் மட்டும் தானாக வரும். 90இல் திருப்பத்தில் கால் மாற்றிப் போடத் தெரியாத பிள்ளைக்கு 110 எதற்கு? ஸ்பீட் இன்லைனில் பிரேக்கும் கிடையாது. டி-ஸ்டாப் (பின்காலைக் குறுக்கே இழுத்து நிற்பது), பிளவ் ஸ்டாப் (இரண்டு காலையும் விரித்து நிற்பது) இரண்டையும் நான் சொன்ன கோட்டில் நின்று காட்டினால்தான் குரூப் மாற்றுவேன்.

சும்மா ஒருத்தன்

சரி சரி, ஒத்துக்கொள்ளாவிட்டால் விட மாட்டீர்கள் போல. ஆனால் ஒன்று கேட்கிறேன். ரிங்க்கில் இவ்வளவு பார்க்கிற நீங்கள், பிள்ளைகளைக் கண்ணைக் கட்டி ஓட விட்டு "உலக சாதனை" என்று ஃபிளெக்ஸ் வைக்கிறார்களே, அதற்கு யாரும் வாய் திறக்கவில்லையே?

பழைய ஸ்கேட்டர்

இதில் அண்ணாவோடு நூறு சதவீதம் சேர்ந்துகொள்கிறேன். மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுவது, வண்டிகளுக்கு அடியில் தாழப் படுத்து நுழையும் லிம்போ, கண்ணைக் கட்டி ரோட்டில் பேரணி. நடுவில் வயிற்று வலி என்று அழுத ஒரு குழந்தையைக் கேமரா வரும் வரை நிற்க வைத்ததை நேரில் பார்த்தேன். வேக ஸ்கேட்டிங்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சான்றிதழ் கிடைக்கும், எந்த அணித் தேர்விலும் அதற்கு மதிப்பில்லை. களைத்த காலில் தசை தளரும்போதுதான் முட்டி உள்ளே மடங்குகிறது.

மதுரை எலும்பு மருத்துவர்

களைப்பு பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் ஸ்கேட்டிங் பிள்ளைகளில் பலர் விழுந்து அடிபட்டவர்களே இல்லை. ஓயாத பயிற்சியால் முட்டி வலி, தாழக் குனிந்தே ஓடுவதால் இடுப்பு வலி, எப்போதும் இடதுபக்கமே திரும்புவதால் ஒரு பக்க இடுப்பு இறுகிப்போவது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டுக்கு முழு விடுப்பு, வருடத்தில் மொத்தம் மூன்று மாத இடைவெளி, அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, ஒரே விளையாட்டில் முடங்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்று. காலை மாலை இரண்டு வேளை, ஞாயிறு டபுள் என்று ஓட்டும் ஒன்பது வயதுப் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். நீச்சலோ கபடியோ விளையாட விடுங்கள். எதிர்ப் பக்கமும் பத்து நிமிடம் சுற்ற விடச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள், ஆனால் ரிங்க்கில் வேறு யாரும் இல்லாதபோது.

கால்கரி கார்த்திக்

ஒரு சின்ன யோசனை. சின்ன வயதுப் பிரிவுகளில் எல்லோரையும் ஒன்றாகக் கோட்டில் நிறுத்தாமல் தனித்தனி டைம் டிரையல் வைக்கலாமே? எலிமினேஷன் மாதிரிப் போட்டியில் கடைசியில் வருகிறவர் வெளியேற வேண்டும் என்பதால் கோட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் முண்டியடிப்பார்கள். பெரியவர்களுக்கு அது தந்திரம், ஏழு வயதுக்கு வெறும் குவியல்.

கோவை மாஸ்டர்

கிளப் போட்டியில் செய்யலாம் தம்பி. மாவட்டப் போட்டியில் நேரம் போதாது என்பார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

அண்ணாநகர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. நேற்று கோச்சிடம் பேசினேன். முதல் நாற்பது நிமிடம் சின்னவர்கள் மட்டும், பிறகு பத்து நிமிடம் ரிங்க் காலி, அதன் பிறகு பெரியவர்கள் என்று இரண்டு வாரம் முயன்று பார்க்க ஒத்துக்கொண்டார். காத்திருக்கும் நேரத்தில் வெளியே புல்லில் விழும் பயிற்சி. தண்ணீர் பாட்டில்கள் வாசலுக்கு வெளியே பெஞ்சுக்கு வந்துவிட்டன. மணிக்கட்டுக் கவசத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை, "உங்க பொண்ணு மட்டும் போட்டுக்கட்டும்" என்றார். போட்டுக்கொள்கிறாள். இரண்டு பெற்றோர் இப்போதே எதிர்ப்பு, நாற்பது நிமிடம் போதாதாம். அவர்களிடம் பேச இந்த இழையைத்தான் அனுப்பப் போகிறேன்.

மெத்தைக்குப் பக்கத்துப் பள்ளியில் கேட்டிருக்கிறேன். பழைய ஸ்கேட்டர் மேடம், ஒரு திருப்பத்துக்கு எத்தனை மெத்தை தேவைப்படும்? எங்கள் ரிங்க் திருப்பத்தை நடந்து அளந்தேன், ஏறக்குறைய முப்பது அடி வருகிறது.

பழைய ஸ்கேட்டர்

திருப்பத்தின் பிற்பாதியிலிருந்து ஆரம்பித்து, நேர்ப் பாதை தொடங்கி நாலைந்து அடி தாண்டும் வரை போடுங்கள் சார். முதல் பாதியில் யாரும் வெளியே போவதில்லை. ஆறடி மெத்தை என்றால் ஒரு திருப்பத்துக்கு நாலு போதும். வெயிலில் விட்டுவிடாதீர்கள், ரெக்சின் வெடித்துவிடும், அப்புறம் பள்ளிக்கூடத்து பி.டி. சார் அடுத்த தடவை தர மாட்டார்.